வாசகர் கேள்வி: கனடாவின் புல்வெளிச் சமவெளியும் அதன் நீர்த்தேக்கங்களும்

கனடாவின் ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான், மானிட்டோபா மாகாணங்களின் தென்பகுதியில் பெரும்பகுதி பிரெய்ரி எனப்படும் புல்வெளிச் சமவெளி. அங்குள்ள ஏரி, அணை, குட்டைகள் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கே: சஸ்காச்சுவானின் தென்பகுதியில் ஆண்டுக்கு 350 முதல் 400 மில்லிமீட்டர் மழைதான் என்று படித்தேன். மதுரையில் பெய்வதில் பாதிகூட இல்லை. அங்கே 225 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நீர்த்தேக்கம் எப்படி நிரம்புகிறது? (மதுரை வாசகர்)

ப: நீங்கள் சொல்வது டீஃபன்பேக்கர் ஏரி. அது நிரம்புவது அந்த ஊர் மழையால் அல்ல. மேற்கே பல நூறு கிலோமீட்டர் தள்ளி ராக்கி மலையில் விழும் பனிதான் அதன் ஊற்றுக்கண். அங்கே உருகும் நீர் போ, ஓல்ட்மேன் என்னும் இரண்டு ஆறுகளில் இறங்குகிறது. இரண்டும் ஆல்பர்ட்டாவில் கூடித் தெற்கு சஸ்காச்சுவான் ஆறாகின்றன. மாகாண எல்லையைத் தாண்டியதும் ரெட் டியர் ஆறும் சேர்ந்துகொள்கிறது. அந்த மொத்த நீரும்தான் ஏரிக்குள் வருகிறது.

சமவெளி தன் பங்காகத் தருவது மிகக் கொஞ்சம். மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் வயல்களில் கிடக்கும் பனி உருகி ஓடும், அவ்வளவுதான். கோடையில் பெய்யும் மழையைப் பயிரும் மண்ணும் வெயிலுமே குடித்துவிடும். மலைப்பனி உருகுவது மே, ஜூன், ஜூலையில். ஆகவே ஏரி நிறைவதும் அப்போதுதான்.

இன்னொன்றையும் நம்மூர்க்காரர்கள் கவனிக்க வேண்டும். நம் கண்மாய்க்கு நீர்ப்பிடிப்புப் பகுதி என்று வரைபடத்தில் எவ்வளவு காட்டுகிறோமோ, நல்ல மழையில் ஏறக்குறைய அவ்வளவிலிருந்தும் தண்ணீர் வந்து சேரும். பிரெய்ரியில் அந்தக் கணக்கு உதவாது. பனியுகம் முடிந்து பனிப்பாளங்கள் பின்வாங்கியபோது தரையில் லட்சக்கணக்கான பள்ளங்களை விட்டுப் போயின. ஒவ்வொரு பள்ளமும் தனக்கு வரும் நீரைத் தானே வைத்துக்கொள்ளும், ஆற்றுக்கு விடாது. அதனால் அங்குள்ள நீரியலாளர்கள் இரண்டு பரப்பு எழுதுவார்கள்: மேடு பள்ளத்தை வைத்து வரையும் மொத்தப் பரப்பு ஒன்று, சாதாரண ஆண்டில் உண்மையிலேயே ஆற்றுக்கு நீர் தரும் பரப்பு மற்றொன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சில ஓடைகளில் பாதிக்கு மேல் போகும். மொத்தப் பரப்பை நம்பிப் பாலமோ அணையோ கணக்கிட்டால் விடை தப்பாகத்தான் வரும்.

கே: அந்த ஏரி மேட்டூரைவிடப் பெரியதா? (சேலம் வாசகர்)

ப: ஆம். முழுக் கொள்ளளவு சுமார் 9.4 கன கிலோமீட்டர், நம் கணக்கில் 330 டி.எம்.சி. அளவு. மேட்டூரின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஆனால் 330-ஐயும் எடுத்துவிட முடியாது. மின் நிலையத்தின் நீர்வாயும் குடிநீர்க் குழாய்களும் இருக்கும் மட்டத்துக்குக் கீழே உள்ள நீர் அங்கேயேதான் கிடக்கும்.

கே: கட்டடப் பொறியியல் மாணவன் நான். கார்டினர் அணை 64 மீட்டர் உயரம், ஆனால் முழுக்க மண் என்கிறார்கள். கான்கிரீட்டில் ஏன் கட்டவில்லை? அந்த அணை நகர்கிறது என்று ஒரு பாடக்குறிப்பில் படித்தது உண்மையா? (திருச்சி வாசகர்)

ப: உண்மைதான். காரணம் அடியில் இருக்கும் பாறை.

டீஃபன்பேக்கர் ஏரிக்காகத் தெற்கு சஸ்காச்சுவான் ஆற்றை மறிக்கும் கார்டினர் அணையின் கட்டுமானம் 1959-இல் தொடங்கி 1967-இல் முடிந்தது. நீளம் 5 கிலோமீட்டர். அது உட்கார்ந்திருப்பது பேர்பா எனப்படும் களிப்பாறையின் மேல். டைனோசர் காலத்துக் கடலடியில் படிந்த சேறு இறுகி உண்டான பாறை அது. இடையிடையே எரிமலைச் சாம்பல் மட்கி உருவான பென்டோனைட் களிமண் மெல்லிய அடுக்குகளாக இருக்கிறது. பென்டோனைட் நீர் பட்டால் ஊதும், சோப்பைப் போல வழுக்கும். பனியுகத்தில் மேலே கிடந்த பனிப்பாளத்தின் பாரமும், பிறகு ஆறு பள்ளத்தாக்கை அறுத்தபோது பக்கவாட்டுத் தாங்கல் போனதும் சேர்ந்து, அந்த அடுக்குகள் முன்பே ஒரு முறை வழுக்கி நகர்ந்திருக்கின்றன. அப்படி ஏற்கனவே அறுந்த தளத்தில் மிஞ்சியிருக்கும் பிடிப்பு மிகக் குறைவு.

இந்த அடித்தளத்தில் கான்கிரீட் அணை நிற்காது. கான்கிரீட் பாரத்தைக் குறுகிய இடத்தில் இறக்கும், அடி சிறிது அசைந்தாலும் வெடிக்கும். மண் அணை அசைவோடு சேர்ந்து வளைந்து கொடுக்கும். அதனால்தான் மண். அதுவும் சரிவுகளை மிகவும் படுக்கையாக வைத்தார்கள். 64 மீட்டர் உயரத்துக்கு அடிப்பாகத்தின் அகலம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகிறது. நடுவில் நீர் புகாத களிமண் கரு, இருபுறமும் மணல் உடல், கருவைத் தாண்டிக் கசிவது மண்ணை இழுக்காமல் வெளியேற வடிகால் அடுக்கு என்று பகுதி பகுதியாக அமைத்தார்கள். வெள்ளம் வழிவதற்கு மட்டும் கான்கிரீட்டில் தனிக் கலிங்கு, அதில் 11 வில் மதகுகள்.

இனி நகர்வு. நீர்மட்டம் ஏறும்போது அணையைத் தள்ளும் விசை கூடுகிறது, அடியில் உள்ள வழுக்குத் தளத்தில் மிகச் சிறிய அளவு நகர்வு ஏற்படுகிறது. மட்டம் இறங்கினால் அந்த நகர்வு முழுவதும் திரும்பி வராது. ஆண்டுதோறும் கொஞ்சம் சேரும். துளைகளில் இறக்கிய சாய்வுமானிகளும், மண்ணின் துளைநீர் (மண்துகள்களுக்கு இடையே நிற்கும் நீர்) அழுத்தம் பார்க்கும் கருவிகளும் இதை அளந்துகொண்டே இருக்கின்றன. இங்கே முக்கியம் நகர்கிறதா என்பதல்ல, நகரும் வேகம் கூடுகிறதா என்பதே. வேகம் குறைந்துகொண்டு வந்தால் அணை இருப்புக்கு வருகிறது என்று பொருள். கூடினால் மட்டத்தை இறக்கி, கீழ்ச்சரிவின் காலடியில் மண்பாரம் ஏற்ற வேண்டும். துளைநீர் அழுத்தம் ஏரி மட்டத்தோடு சேராமல் தனியாக ஏறினால் அதுவும் ஆபத்தின் அறிகுறி. கசிவு நீர் தெளிவாக இருக்கும்வரை பயமில்லை, கலங்கினால் உள்ளே மண் அரிக்கிறது. கடைசியாகச் சொன்னதை நம்மூர் மடைக்காரர்களும் அறிவார்கள்.

பாடக்குறிப்பில் இது இருக்குமோ என்னவோ: டீஃபன்பேக்கர் ஏரியைத் தேக்குவது ஒரு அணை அல்ல, இரண்டு. பனியுக வெள்ளம் குடைந்த பழைய கால்வாய் ஒன்று குவாப்பெல் பள்ளத்தாக்காகக் கிழக்கே போகிறது. ஆற்றை மட்டும் மறித்திருந்தால் ஏரி நீர் அந்த வழியாக வழிந்து போயிருக்கும். அங்கேயும் 27 மீட்டர் உயரத்தில், 3 கிலோமீட்டர் நீளத்தில் குவாப்பெல் ஆற்று அணை கட்டினார்கள். இன்று அந்த இரண்டாவது அணையின் குழாய் வழியாகத்தான் மாகாணத் தலைநகர் ரெஜைனாவின் குடிநீர் போகிறது.

கே: மே மாதம் படகை எடுத்துக்கொண்டு போனால் டீஃபன்பேக்கர் ஏரியில் படகுத்துறை தரையில் நிற்கிறது, தண்ணீர் எங்கோ கீழே இருக்கிறது. ஏரியை எப்போதும் நிறைத்து வைத்தால் என்ன? (சஸ்கட்டூன் வாசகர்)

ப: நிறைத்து வைத்தால் ஜூனில் வரும் வெள்ளத்துக்கு இடம் இருக்காது. 2013 ஜூனில் ஆல்பர்ட்டாவில் பெருமழை பெய்து கால்கரி நகரம் மூழ்கியபோது அந்த நீர் முழுவதும் இந்த ஏரிக்குத்தான் வந்தது.

ஏரியின் ஆண்டு இப்படி ஓடும். முழுமட்டம் கடல்மட்டத்திலிருந்து 556.87 மீட்டர். இலையுதிர் காலத்தில் அதற்குச் சற்றுக் கீழே நிற்கும். குளிர்காலத்தில் மின்தேவை உச்சம், வரத்தோ மிகக் குறைவு. 186 மெகாவாட் கொண்ட கோட்டோ க்ரீக் மின் நிலையம் ஓட ஓட மட்டம் இறங்கும். மார்ச், ஏப்ரலில் அடிமட்டம். பிறகு மலைப்பனி உருகி ஜூலையில் ஏறக்குறைய நிறையும். நீங்கள் போன மே மாதம் ஏறத் தொடங்கும் நேரம்.

எந்தப் பருவமானாலும் கீழே சஸ்கட்டூனுக்கு வினாடிக்கு 42.5 கன மீட்டருக்குக் குறையாமல், அதாவது 1,500 கன அடி, விட்டாக வேண்டும். உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரும் அதில்தான் இருக்கிறது.

இன்னொரு காரணம் மணற்கரையில் கூடு கட்டும் பைப்பிங் ப்ளோவர் என்னும் சிறு உப்புக்கொத்திப் பறவை. கனடாவில் அழியும் நிலையில் உள்ள இனம். நீர் விளிம்பிலேயே முட்டையிடும். மே மாதத்தில் அகன்ற மணல் தெரிந்தால் கீழேயே கூடு கட்டிவிடும், ஜூனில் நீர் ஏறிக் கூட்டை மூழ்கடிக்கும். ஆகவே ஏற்றத்தின் நேரத்தையும் வேகத்தையும் அதற்காகவும் பார்க்க வேண்டியிருக்கிறது. எல்லாரையும் திருப்திப்படுத்தும் ஒரு மட்டம் கிடையாது. போகும் முன் மாகாண நீர் ஆணையம் வெளியிடும் அன்றாட மட்டத்தைப் பாருங்கள், படகுத்துறையின் கான்கிரீட் எந்த மட்டத்தில் முடிகிறது என்று அங்குள்ள பூங்கா அலுவலகத்தில் கேட்டு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கே: காவிரி மாதிரி அங்கே மாகாணங்களுக்குள் சண்டை உண்டா? (தஞ்சாவூர் வாசகர்)

ப: கருத்து வேறுபாடு உண்டு, ஆனால் பங்கீட்டின் அடிப்படை வேறு. 1948-இல் மூன்று மாகாணங்களும் கூட்டரசும் சேர்ந்து பிரெய்ரி மாகாண நீர் வாரியம் அமைத்தன. 1969-இல் பங்கீட்டு ஒப்பந்தம் வந்தது. ஆல்பர்ட்டாவில் பிறக்கும் நீரில் பாதியை அது வைத்துக்கொள்ளலாம், பாதியைச் சஸ்காச்சுவானுக்கு விட வேண்டும். சஸ்காச்சுவான் தனக்கு வந்ததிலும் தன்னிடம் உற்பத்தியாவதிலும் பாதியை மானிட்டோபாவுக்கு விட வேண்டும்.

கவனிக்க வேண்டியது இது: பாதி என்பது அணையில் இருப்பதில் பாதி அல்ல. மனிதர் கைவைக்காமல் இருந்திருந்தால் ஆற்றில் எவ்வளவு ஓடியிருக்கும் என்று கணக்கிட்டு அதில் பாதி. எடுத்த நீர், தேக்கிய நீர், ஆவியானது எல்லாவற்றையும் கூட்டிப் போட்டு இயற்கை ஓட்டத்தை மீட்டெடுக்கிறார்கள். தெற்கு சஸ்காச்சுவான் ஆற்றில் மட்டும் ஒரு விலக்கு இருக்கிறது. வறண்ட ஆண்டிலும் ஆல்பர்ட்டா 21 லட்சம் ஏக்கர் அடி வரை எடுக்கலாம், பாதியைத் தாண்டினாலும் சரி. ஆனால் எல்லையில் ஓட்டம் வினாடிக்கு 1,500 கன அடிக்குக் கீழே போகக்கூடாது.

காவிரியில் நாம் கேட்பது நிலையான அளவு. 2018-இல் உச்ச நீதிமன்றம் பிலிகுண்டுலுவில் 177.25 டி.எம்.சி. என்று நிர்ணயித்தது. நல்ல ஆண்டில் அது சிக்கல் இல்லை, பற்றாக்குறை ஆண்டில்தான் யார் எவ்வளவு குறைத்துக்கொள்வது என்று ஒவ்வொரு முறையும் மோத வேண்டியிருக்கிறது. விழுக்காட்டில் பங்கிட்டால் பற்றாக்குறையும் தானாகப் பங்காகிவிடும். எங்கள் பார்வையில் அதுதான் மேலான முறை. ஆனால் அதற்கு இரு தரப்பும் நம்பும் அளவீடு வேண்டும், அதை உருவாக்க அவர்களுக்கு 1948-லிருந்து 1969 வரை பிடித்தது. நீர் தீர்ந்துவருவதை உணர்ந்து, ஆல்பர்ட்டா 2006-இல் போ, ஓல்ட்மேன், தெற்கு சஸ்காச்சுவான் படுகைகளில் புதிய நீர் உரிமம் தருவதையே நிறுத்திக்கொண்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கே: ஸ்விஃப்ட் கரண்ட் அருகே 100 மாடுகள் உள்ள பண்ணையில் பொறுப்பில் இருக்கிறேன். புதிதாக ஒரு டக்அவுட் வெட்டப் போகிறோம். 60 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், 5 மீட்டர் ஆழம். ஒப்பந்தக்காரர் இரண்டு வறட்சி ஆண்டுக்குப் போதும் என்கிறார். போதுமா? வேறு என்ன பார்க்க வேண்டும்? (சஸ்காச்சுவான் வாசகர்)

ப: மற்ற வாசகர்களுக்கு: டக்அவுட் என்பது நம் பண்ணைக்குட்டைதான். பிரெய்ரியில் ஆற்றங்கரையில் இல்லாத பண்ணைகளின் உயிர் அதில்தான் இருக்கிறது. 1935-இல் பெரும் வறட்சியின்போது கூட்டரசு தொடங்கிய பிரெய்ரிப் பண்ணைச் சீரமைப்பு நிர்வாகம் இவற்றைப் பெருமளவில் வெட்டுவித்தது. கார்டினர் அணையைக் கட்டியதும் அதே நிர்வாகம்தான்.

உங்கள் கணக்குக்கு வருவோம். போதாது.

பக்கச்சரிவு ஒன்றுக்கு ஒன்றரை, அதாவது ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒன்றரை மீட்டர் உள்ளே, என்று கொள்வோம். அப்படியானால் அடித்தளம் 45-க்கு 10 மீட்டர். மேல்பரப்பு 1,500 சதுர மீட்டர், அடிப்பரப்பு 450, நடு ஆழத்தில் 52.5-க்கு 17.5, அதாவது சுமார் 919. மேல்பரப்போடு நடுப்பரப்பின் நான்கு மடங்கையும் அடிப்பரப்பையும் கூட்டி, ஆறால் வகுத்து, ஆழத்தால் பெருக்குங்கள். சுமார் 4,690 கன மீட்டர் வரும். உங்கள் ஒப்பந்தக்காரர் பார்த்தது இதைத்தான். 100 மாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரி 50 லிட்டர் வீதம் ஆண்டுக்கு 1,825 கன மீட்டர், இரண்டு ஆண்டுக்கு 3,650. மிச்சம்கூட இருப்பதாகத் தோன்றும்.

விட்டுப்போனவை இரண்டு. அடியில் ஒரு மீட்டர் நீர் வண்டலும் துர்நாற்றமுமாக இருக்கும், அதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. அது சுமார் 535 கன மீட்டர். உங்கள் பகுதியில் பெய்யும் மழையைக் கழித்தபின்னும் ஆவியாதலில் ஆண்டுக்கு அரை மீட்டருக்கு மேல் போகும். 0.6 மீட்டர் என்று வைத்தால் முதல் ஆண்டு 900 கன மீட்டர், பரப்பு சுருங்கியபின் இரண்டாம் ஆண்டு சுமார் 600. எடுக்கக்கூடிய நீர் 4,150, தேவை 5,150. இரண்டாவது குளிர்காலத் தொடக்கத்தில் தீர்ந்துவிடும். அதைவிட மோசமான நேரம் இல்லை. மேலே முக்கால் மீட்டர் அளவுக்கு நீர் பனிக்கட்டியாகி வசந்தம்வரை கைக்கு வராமல் கிடக்கும், கீழே இருப்பது சேறு.

அகலத்தைக் கூட்டாதீர்கள், வெயிலுக்குத்தான் லாபம். நீளத்தை 80 மீட்டர் ஆக்கினால் ஏறக்குறைய சரியாகிவிடும். மண் இடம் கொடுத்தால் ஆழத்தையும் கூட்டுவது இன்னும் நல்லது, 4.5 மீட்டருக்குக் குறைந்த குட்டை அங்கே நம்பத்தக்கதல்ல.

வெட்டும் முன் சோதனைத் துளை போடுங்கள். குட்டையின் நீளத்தில் மூன்று நான்கு இடங்களில், திட்டமிட்ட அடிமட்டத்துக்கும் கீழே ஒரு மீட்டர் வரை. இடையில் மணல் நரம்பு ஒன்று இருந்தாலும் முழுக்குட்டையும் அதன் வழியே இறங்கிவிடும். அப்படி இருந்தால் இடத்தை மாற்றுவது மலிவு. மாற்ற வழியில்லை என்றால் மணலைத் தோண்டியெடுத்துக் களிமண்ணை அடுக்கடுக்காகப் போட்டு உருளை ஓட்டி இறுக்க வேண்டும். சும்மா களிமண்ணைக் கொட்டினால் நிற்காது.

வெட்டிய மண்ணை விளிம்பிலேயே குவிக்கும் பழக்கம் உண்டு. அது திரும்ப உள்ளே சரியும், வரத்தையும் மறிக்கும். தள்ளிப் பரப்புங்கள். காற்று வரும் பக்கம் பனித்தடுப்பு வேலியோ புதர் வரிசையோ வைத்தால் பறக்கும் பனி அங்கே படிந்து வசந்தத்தில் குட்டைக்கு வந்து சேரும். மரத்தை மட்டும் கரையோரம் வைக்காதீர்கள், இலை விழுந்து மக்கும்.

வரத்து வாய்க்காலைப் புல்லாக வைத்திருங்கள், உழாதீர்கள். தொழுவமோ மாடு அடைக்கும் இடமோ அதன் மேட்டில் இருக்கக்கூடாது. எருவிலுள்ள பாஸ்பரஸ்தான் பிறகு பச்சைப் பாசியாக எழுந்து நிற்கும். மாட்டைக் குட்டைக்குள் இறங்க விடாமல் சுற்றி வேலி போட்டு, சூரிய மின் பம்பு வைத்துத் தொட்டியில் குடிக்கவிடுங்கள். கரை இடியாது, நீர் கலங்காது, சுத்தமான நீரை மாடு கூடுதலாகக் குடிக்கும், எடையிலும் தெரியும். உறிஞ்சு குழாயை அடியில் போடாமல் மிதவையில் கட்டி, மேற்பரப்புக்குக் கீழே ஒரு மீட்டரில் தொங்கவிடுங்கள். மேலே பாசி, கீழே நாற்றம், நடுவில் இருப்பதே நல்ல நீர்.

காற்றூட்டி கட்டாயம் வையுங்கள். கரையில் சிறு காற்றழுத்தி, எடை கட்டிய குழாய், அடியில் ஆழமான இடத்தில் நுண்குமிழ் விடும் தட்டு. இரவு பகலாக ஓட வேண்டும். பகலில் மட்டும் ஓட்டினால் பயன் பாதிகூட இல்லை, ஏனென்றால் பாசி ஆக்சிஜனைத் தின்பது இரவில். குளிர்காலத்தில் ஓடினால் அதன் மேல் பனிக்கட்டி மெலிந்திருக்கும், எச்சரிக்கைப் பலகையும் வேலியும் வேண்டும்.

பாசிக்குத் தாமிர சல்பேட் போடுவதானால் தொடக்கத்திலேயே, அனுமதி பெற்று, அளந்து போட வேண்டும். அடர்த்தியாகப் படர்ந்தபின் போட்டால் பாசி மொத்தமாகச் செத்து உள்ளே வைத்திருந்த நஞ்சை நீரில் விட்டுவிடும். அதன்பின் குறைந்தது இரண்டு வாரம் மாட்டுக்கு அந்த நீர் கூடாது.

கடைசியாக, இதை மறந்தால் மேலே சொன்ன எதுவும் உதவாது: உப்பு. உங்கள் வட்டார மண்ணில் சல்பேட் அதிகம். குட்டை பாதியாக வற்றினால் உப்பு இரண்டு மடங்கு. கண்ணுக்குத் தெளிந்த நீராகவே இருக்கும். லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் சல்பேட்டைத் தாண்டினால் கால்நடை மருத்துவரைக் கேட்டே கொடுக்க வேண்டும். மாட்டின் உடலில் தாமிரச் சத்து சேராது, அளவு ஏறினால் மூளை பாதித்துக் கண் தெரியாமல் சுற்றும். 2017 ஜூலையில் சஸ்காச்சுவானின் தென்மேற்கில் ஒரு மேய்ச்சல் நிலத்தில் இப்படிப்பட்ட நீரால் 200 மாடுகள் இறந்தன. வசந்தத்தில் ஒரு முறை, ஜூலையில் ஒரு முறை, மாட்டை விடுமுன் ஒரு முறை என்று சோதித்துவிடுங்கள். கைமீட்டரில் மின்கடத்துத்திறன் பார்ப்பது ஒரு நிமிட வேலை. அது வழக்கத்தைவிட ஏறியிருந்தால் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

கே: ரெஜைனாவில் ஆகஸ்டு மாதம் குழாய்த் தண்ணீரில் மண்வாடை வருகிறது. குழந்தைக்குக் கொடுக்கலாமா? காய்ச்சினால் போதுமா? (ரெஜைனா வாசகி)

ப: குழாய்த் தண்ணீரைக் கொடுக்கலாம். அந்த வாடை ஜியோஸ்மின் என்னும் பொருளுடையது, பாசி உண்டாக்குவது. நம் மூக்கு அதை மிக நுண்ணிய அளவிலேயே கண்டுபிடித்துவிடும், உடலுக்குக் கேடில்லை. குவாப்பெல் அணை விடும் நீர் சேர்ந்து உங்களுக்கு வரும் பஃபலோ பவுண்ட் ஏரி நீண்டது, ஆனால் சராசரி ஆழம் மூன்று, நான்கு மீட்டர்தான். கோடையில் அடிவரை சூடாகும், காற்று அடிவண்டலைக் கிளறும், பாசி பெருகும். சுத்திகரிப்பு நிலையத்தில் கரித்துகளால் வாடையை எடுக்கிறார்கள். மீறி வருவதை வீட்டுக் கரி வடிகட்டி எடுத்துவிடும், குளிர்வித்துக் குடித்தாலும் தெரியாது.

ஏரிக்கரையில் நிலைமை வேறு. நீலப்பச்சைப் பாசி படர்ந்த நீரைக் காய்ச்சினாலும் நஞ்சு போகாது, நீர் சுண்டினால் இன்னும் அடர்த்தியாகும். குச்சியால் எடுத்துப் பாருங்கள்: முடிபோல் குச்சியில் தொங்கினால் சாதாரண இழைப்பாசி. பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் கலைந்து ஓடினால் நீலப்பச்சைப் பாசி. குழந்தையையும் நாயையும் அருகே விடாதீர்கள். நாய் தன் மயிரை நக்கியே இறந்துபோகலாம்.

கே: அங்கே சில ஏரிகள் கடலைவிட உப்பாமே? (சென்னை வாசகர்)

ப: வெளியேற வழியில்லாத பள்ளங்கள் அவை. நீர் ஆவியாகப் போகும், உப்பு தங்கும். வாட்ரஸ் அருகே லிட்டில் மானிட்டூ ஏரியில் படுத்தால் உடம்பு மிதக்கும். சாப்ளின் ஏரியில் 1948 முதல் சோடியம் சல்பேட் எடுக்கிறார்கள், சலவைத்தூளுக்கும் கண்ணாடிக்கும் போகிறது. அதே உப்புநீரில் வாழும் சிறு இறால்களைத் தின்று ஆயிரக்கணக்கான கரைப்பறவைகள் வடதுருவம் நோக்கிப் பறக்கின்றன.

வழியில்லாத பள்ளத்தின் மறுபக்கம், மழை மிகுந்தால் ஏறிக்கொண்டே போவது. அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் டெவில்ஸ் ஏரி 1993-க்கும் 2011-க்கும் இடையே 9 மீட்டருக்கு மேல் ஏறி வயலையும் சாலையையும் வீடுகளையும் விழுங்கியது. சஸ்காச்சுவானின் குவில் ஏரிகள் அப்படியே பெருகி ஒன்றாகக் கலந்தன. கால்வாய் வெட்டி விடலாமே என்றால் உப்புநீர் யாருடைய நன்னீரில் சேருவது? இரண்டு இடத்திலும் கீழ்ப்பகுதி மக்கள் எதிர்த்தார்கள், அதில் நியாயம் இருக்கிறது. பண்ணைக்காரர்கள் தங்கள் நிலத்துப் பள்ளங்களை வடித்து விடுவதைக் கட்டுப்படுத்துவதே முதல் வேலை என்பது எங்கள் கருத்து.

கே: இந்த அணைகளால் யாரும் எதையும் இழக்கவில்லையா? (டொராண்டோ வாசகர்)

ப: இழந்தார்கள். டீஃபன்பேக்கர் ஏரி நிரம்பும் இடத்தில் மிஸ்டசீனி என்னும் 400 டன் பாறை இருந்தது. படுத்திருக்கும் காட்டெருமை வடிவம், க்ரீ மக்களுக்கும் மற்றப் பழங்குடியினருக்கும் புனிதமான இடம். இடம் மாற்றும் முயற்சி கைகூடவில்லை. 1966-இல் வெடிவைத்து உடைத்தார்கள்.

இன்றும் தொடரும் இழப்பு ஆற்றின் கீழ்ப்பகுதியில், கம்பர்லேண்ட் டெல்டாவில் இருக்கிறது. சுமார் 10,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள உள்நாட்டு நன்னீர் டெல்டா அது. கம்பர்லேண்ட் ஹவுஸ் ஊரின் க்ரீ மக்களும், பழங்குடி-ஐரோப்பியக் கலப்பு வழியினரான மேட்டி மக்களும் அங்கே மீனையும் மஸ்க்ராட் என்னும் நீரெலியையும் மூஸ் என்னும் பெரிய மானையும் நம்பி வாழ்ந்தார்கள். கோடை வெள்ளம்தான் டெல்டாவின் குளங்களை நிறைத்து வண்டலையும் கொண்டுவரும். இப்போது கோடை நீர் அணையில் தேங்குகிறது, மின்சாரத்துக்காகக் குளிர்காலத்தில் விடப்படுகிறது. வண்டல் அணைக்குப் பின்னால் படிகிறது. டெல்டாவுக்குச் சற்று மேலே 1963-இல் வந்த ஈ.பி. கேம்பல் அணை, மின்தேவைக்கு ஏற்பப் பகலில் ஒரு மட்டமும் இரவில் ஒரு மட்டமுமாக நீரை விடுகிறது. மதகை இயக்கும் அட்டவணையில் அந்த மக்களின் பருவத்துக்கும் இடம் வைக்க முடியும். முழு வெள்ளம் வேண்டாம், கோடையில் சில வாரம் குளங்களுக்கு ஏறும் அளவு போதும். 2020-இல் அறிவிக்கப்பட்ட 5 லட்சம் ஏக்கர் பாசனத் திட்டம் நிறைவேறும்போது இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகும்.

கே: பனிக்கட்டி ஏரியில் மீன் பிடிக்கப் போகிறோம். எவ்வளவு கனம் இருந்தால் கார் தாங்கும்? (எட்மன்டன் வாசகர்)

ப: தெளிந்த நீலநிறக் கட்டியானால் நடக்க 10 சென்டிமீட்டர், ஸ்னோமொபைலுக்கு 20, காருக்கு 30, கனமான டிரக்குக்கு அதற்கும் மேல். வெள்ளைக் கட்டி பனித்தூளும் நீரும் சேர்ந்து உறைந்தது, பாதி வலுத்தான், கனம் இரட்டிப்பாக வேண்டும். துளையிட்டு அளந்துகொண்டே முன்னேறுங்கள், ஓரிடத்து அளவு அடுத்த இடத்துக்கு ஆகாது. ஓடை சேரும் வாய், பாலத்தடி, காற்றூட்டி அருகே போகாதீர்கள்.

நீர்த்தேக்கத்தில் தனி ஆபத்து ஒன்று உண்டு. குளிர்காலம் முழுக்க மட்டம் இறங்குவதால் கரையோரக் கட்டிக்கு அடியில் நீர் இல்லாமல் வெற்றிடம் இருக்கும், தொங்கும் கட்டி திடீரென முறியும். டீஃபன்பேக்கரில் நடு ஏரியைவிடக் கரையைக் கடப்பதே கடினம். விழுந்தால் வந்த திசைக்கே திரும்பி, கால்களை உதைத்து உடலைப் படுக்கையாக்கி ஏறுங்கள், எழுந்து நிற்காமல் உருண்டு வெளியே வாருங்கள். கழுத்தில் இரண்டு கூராணிப் பிடிகள் தொங்கட்டும், ஈரக்கையால் கட்டியைப் பற்ற வேறு வழியில்லை.

கே: மானிட்டோபாவிலிருந்து படகைச் சஸ்காச்சுவானுக்குக் கொண்டுபோகலாமா? (வினிபெக் வாசகர்)

ப: கொண்டுபோகலாம், ஆனால் உங்கள் வினிபெக் ஏரியில் 2013-இல் வரிச்சிப்பி கண்டுபிடிக்கப்பட்டது. குடிநீர்க் குழாயையும் பாசன மதகையும் அடைத்துவிடும் சிப்பி அது, குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாது. படகைக் கழுவி, எல்லா நீரையும் வடித்து, நன்றாக உலர்த்துங்கள். மீன்தொட்டி, எஞ்சினின் அடி, நங்கூரக் கயிறு மூன்றையும் தவறாமல் பாருங்கள். சாலையில் போகும்போது வடிகால் அடைப்பான் கழற்றியே இருக்க வேண்டும், சஸ்காச்சுவானில் அது சட்டம். வழியில் சோதனைச் சாவடி திறந்திருந்தால் நிறுத்தாமல் போகக்கூடாது.